மூன்று மாத மேகக் குறிப்பேடு எதைக் காட்டும், எதைக் காட்டாது

தக்கலைப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் அறிவியல் ஆசிரியர் கேட்டிருப்பதன் சாரம் இது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பள்ளி நாட்களில் மேகங்களைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார்கள். பள்ளிக் கூரையை ஒட்டி ஒரு மழைமானியும், வகுப்பறைச் சுவரில் ஒரு வெப்பமானியும் இருக்கின்றன. இவற்றை வைத்து, குமரி மாவட்டத்தில் காலநிலை மாறிவிட்டது என்று அறிவியல் கண்காட்சியில் நிறுவ முடியுமா? இதற்கு நேரடியான பதில், முடியாது என்பதுதான். ஆனால் ஆசிரியரின் கவலை அதுவன்று என்று நினைக்கிறேன். பிள்ளைகள் மூன்று மாதம் அண்ணாந்து பார்த்ததெல்லாம் வீணா என்பதுதான் அவர் உண்மையில் கேட்பது. அதற்குப் பதில் கொஞ்சம் நீளமானது. நான் வானிலைத் துறையில் பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வானத்தில் எட்டில் எத்தனை பங்கு மேகம், எந்த வகை, எந்த உயரம் என்று குறித்து அனுப்புவதற்காகச் சம்பளம் வாங்கியவன். கணினியில் காலநிலை மாதிரிகளை ஓட்டும் ஆய்வாளன் அல்லன். ஆகவே கண், கருவி, குறிப்பேடு பற்றி நான் சொல்வதை அனுபவமாக எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றைப் படித்தறிந்தவையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் முடியாது என்பதை முதலில் முடித்துவிடுவோம். ஓர் இடத்தின் காலநிலை என்று சொல்ல முப்பது ஆண்டுகளின் சராசரி வேண்டும். இப்போது புழக்கத்தில் இருப்பது 1991 முதல் 2020 வரையிலான சராசரி. மாறிவிட்டது என்று சொல்வதற்கு அப்படிப்பட்ட நீண்ட காலப்பகுதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு வரும் ஏற்ற இறக்கம் அவ்வளவு பெரியது. 2016இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட அறுபது விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. ஐந்தே ஆண்டு கழித்து, 2021இல், அதே பருவமழை வழக்கத்தைவிடப் பாதிக்கும் மேல் கூடுதலாகக் கொட்டியது. அந்த நவம்பரில் குமரி மாவட்டம் வெள்ளத்தில் தத்தளித்ததை யாரும் மறந்திருக்க முடியாது. 2016இல் அந்தப் பருவத்தில் குறிப்பேடு எழுதிய வகுப்பு, மழை செத்துவிட்டது என்று முடிவு கட்டியிருக்கும். 2021இல் எழுதிய வகுப்பு நேர் எதிராகச் சொல்லியிருக்கும். இரண்டு வகுப்பும் நேர்மையாகவே பார்த்திருக்கும். இரண்டு முடிவும் தவறாக இருந்திருக்கும். பசிபிக் கடலின் மேற்பரப்பு வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ, குளிரும் லா நினா, இந்தியப் பெருங்கடலின் மேற்குக்கும் கிழக்குக்கும் இடையிலான வெப்ப ஊசல் இவையெல்லாம் சேர்ந்து ஆட்டும் ஆட்டத்தை மூன்று மாதத்தில் பிரித்தறிய வழியில்லை.

உறுதியானது எது, ஐயத்துக்குரியது எது என்பதையும் பிள்ளைகளுக்குத் தனித்தனியாகச் சொல்லிக்கொடுங்கள். புவியின் மேற்பரப்பு, 1850 முதல் 1900 வரையிலான காலத்தோடு ஒப்பிட்டால், 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் சுமார் 1.1 டிகிரி செல்சியஸ் சூடேறியிருந்தது. இந்தியாவின் சராசரி வெப்பநிலை 1901க்கும் 2018க்கும் இடையே சுமார் 0.7 டிகிரி உயர்ந்தது. இந்தியப் பெருங்கடலின் வெப்பமண்டலப் பகுதி மேற்பரப்பு 1951க்கும் 2015க்கும் இடையே ஏறத்தாழ ஒரு டிகிரி சூடேறியது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 விழுக்காடு கூடும். இவை உறுதியானவை. ஆனால் மேகம் என்று வந்துவிட்டால் உறுதி தளர்கிறது. தாழ்ந்த அடர்ந்த மேகம் வெயிலைத் திருப்பி அனுப்பிப் பூமியைக் குளிரவைக்கிறது. உயரத்தில் மெல்லியதாகப் பரவும் கீற்று மேகம் வெயிலை உள்ளே விட்டுவிட்டு, பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. சூடேறும் உலகில் எந்த வகை எங்கே கூடும், எங்கே குறையும் என்பதுதான் இன்றும் காலநிலைக் கணிப்புகளில் மிகப் பெரிய இழுபறி. மொத்தத்தில் மேகங்கள் வெப்பமாதலைக் கூட்டவே செய்யும் என்பதில் இப்போது பெருமளவு ஒத்த கருத்து இருக்கிறது. எவ்வளவு கூட்டும் என்பதில்தான் சிக்கல். அதாவது உங்கள் எட்டாம் வகுப்பு, தெரிந்தோ தெரியாமலோ, பாடத்தின் மிகக் கடினமான மூலையில் கைவைத்திருக்கிறது.

மாற்றத்தைக் காட்ட முடியாவிட்டாலும், மாற்றம் நிகழும் இயக்கத்தைக் காட்ட முடியும். கண்காட்சிக்கு அதுவே போதும் என்பேன். எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. மேகமுள்ள இரவையும் மேகமில்லா இரவையும் ஒப்பிடுவது. இரவு எட்டு மணிக்கு வீட்டு முற்றத்தில் வெப்பநிலையையும் வானத்தில் எட்டில் எத்தனை மேகம் என்பதையும் குறிக்க வேண்டும். விடிவதற்குச் சற்று முன் வெப்பநிலையை மறுபடி பார்க்க வேண்டும். நட்சத்திரம் நன்றாகத் தெரிந்த இரவுகளில் வெப்பம் அதிகமாக இறங்கியிருக்கும்; மூடிய இரவுகளில் இறக்கம் குறைவாக இருக்கும். மழை பெய்த இரவுகளையும் பலத்த காற்றடித்த இரவுகளையும் தனியே ஒதுக்கிவிடுங்கள், அவை கணக்கைக் குழப்பும். தென்மேற்குப் பருவ காலத்தில் தெளிந்த இரவுகள் அரிது. இதற்கு ஏற்ற காலம் தை, மாசி. கடலோரத்துப் பிள்ளைகளின் வீட்டைவிடப் பூதப்பாண்டி, திட்டுவிளைப் பக்கத்து வீடுகளில் வித்தியாசம் தெளிவாகத் தெரியும், ஏனென்றால் கடல் தன் அருகிலுள்ள காற்றை அதிகம் குளிரவிடாது. பள்ளிக்குக் கொஞ்சம் பணம் இருந்தால், தொடாமலே வெப்பம் அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை வாங்கி வானத்தை நோக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டினார்களே, அந்த வகை இதற்கு உதவாது. அது உடல் வெப்பத்தையொட்டிய அளவுகளை மட்டுமே காட்டும். சுழிக்குக் கீழும் அளக்கும் தொழிற்சாலை வகை வேண்டும். தெளிந்த வானத்தை நோக்கிப் பிடித்தால் சுற்றியுள்ள காற்றைவிட இருபது டிகிரிக்கும் மேல் குறைவாகக் காட்டும். தாழ்ந்த மேகம் ஒன்று தலைக்கு மேல் வந்ததும் எண் மளமளவென்று ஏறும். மேகம் தன் வெப்பத்தைக் கீழே அனுப்புகிறது என்று பலகையில் எழுதுவதைவிட, அந்த எண் ஏறுவதை ஒரு பிள்ளை தன் கையில் பார்ப்பது மேல். சூரியனுக்கு நேரே மட்டும் பிடிக்க விடாதீர்கள்.

இரண்டாவது வாய்ப்பை இந்த மாவட்டத்தின் நிலமே கொடுத்திருக்கிறது. வேறு மாவட்டத்து ஆசிரியர்கள் பொறாமைப்பட வேண்டியது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் மோதி மேலேறும்போது குளிர்ந்து, மேகம் திரண்டு, குலசேகரம், பேச்சிப்பாறை, பாலமோர்ப் பக்கம் மழையாகிறது. அதே காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து கிழக்கே இறங்கும்போது மழையை இழந்து, சூடாகி, வெறும் காற்றாக அடிக்கிறது. முப்பந்தலில் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பது சும்மா இல்லை. ஆகவே தோவாளை அல்லது ஆரல்வாய்மொழியில் ஒரு பள்ளியைக் கூட்டாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில், ஒரே நேரத்தில் இரு பள்ளிகளும் வானத்தைக் குறிக்கட்டும். ஜூலையில் குலசேகரத்தில் எட்டுக்கு எட்டு மூடிச் சாரல் விழும் அதே வேளையில், முப்பது கிலோமீட்டருக்கு உள்ளாகவே கிழக்கில் நீல வானமும் ஓடும் திரள் மேகத் துணுக்குகளும் இருப்பதைப் பார்ப்பார்கள். ஐப்பசியில் இந்தக் கணக்கு மாறும்: காலை தெளிவு, மதியத்துக்கு மேல் மலைப்பக்கம் திரள் மேகம் எழும்பி, மாலையில் கார்திரளாகி இடியோடு பெய்யும். இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டத்தில் ஒரே குறிப்பேட்டில் இரண்டு வகை வானமும் பதிவாகும். மூன்று மாதத்தோடு நிறுத்தாமல் டிசம்பர் வரையாவது தொடரச் சொல்வதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

இன்னொன்று, கணக்குப் பாடத்தோடு சேர்ந்தது. பிற்பகலில் தரை சூடேறி எழும்பும் திரள் மேகத்தின் அடிப்பகுதி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைத் தரையிலிருந்தே மதிப்பிடலாம். காற்றிலுள்ள நீராவி நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். காற்றின் வெப்பநிலையிலிருந்து பனிநிலை வெப்பநிலையைக் கழித்து, மிச்சத்தை 125ஆல் பெருக்கினால் மீட்டரில் உயரம் வரும். காற்று 31 டிகிரி, பனிநிலை 24 டிகிரி என்றால் வித்தியாசம் 7. மேகத்தின் அடி சுமார் 875 மீட்டரில். பனிநிலையை அறிய, இரண்டு வெப்பமானிகளில் ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி, உலர்ந்ததற்கும் ஈரமானதற்கும் உள்ள வித்தியாசத்தை அட்டவணையில் பார்த்தால் போதும். இனி அழகான பகுதி: மகேந்திரகிரியின் உச்சி சுமார் 1,650 மீட்டர். கணக்கு 875 என்று சொல்லும் நாளில் அந்த உச்சி மேகத்துக்குள் மறைந்திருக்க வேண்டும். மறைந்திருக்கிறதா என்று மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் தெரிந்துவிடும். கணக்கும் மலையும் ஒத்துப்போகாத நாட்களும் வரும். அப்போது ஏன் என்று பிள்ளைகளையே யோசிக்கச் சொல்லுங்கள். இந்தக் கணக்கு கீற்று மேகத்துக்கோ நாள் முழுக்க மூடிப் பெய்யும் கார்ப்படை மேகத்துக்கோ பொருந்தாது.

குறிப்பேட்டுக்கு வருகிறேன். நீங்கள் இணைத்திருந்த பக்கத்தில் "மேகமூட்டம்", "லேசான மேகம்", "நல்ல வெயில்" என்றுதான் பெரும்பாலும் இருந்தது. இது ஒப்பிட உதவாது. வானத்தை நான்கு கால்பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் மேகம் எவ்வளவு என்று பார்த்து, மொத்தத்தை எட்டில் எத்தனை என்று எழுதச் சொல்லுங்கள். தொடுவானத்தை ஒட்டிய மேகத்தின் பக்கவாட்டும் சேர்ந்து தெரிவதால், அங்கே எப்போதும் அதிகமாகத் தோன்றும். அனுபவசாலிகளும் இதில் ஏமாறுவதுண்டு. இரண்டு பேர் தனித்தனியே எழுதிய பிறகுதான் ஒருவர் மற்றவரின் தாளைப் பார்க்க வேண்டும். ஓர் எண் வித்தியாசம் இயல்பு. அதை அழித்துச் சரிசெய்ய விடாதீர்கள், இரண்டையும் எழுதிவையுங்கள். அந்த வித்தியாசமே உங்கள் அளவீட்டின் பிழை எல்லை. வகை பிரிக்க ஒரு கை வித்தை: தலைக்கு மேலாக உள்ள மேகத் துணுக்குகளை நோக்கிக் கையை நீட்டுங்கள். துணுக்கு சுண்டுவிரலுக்குள் அடங்கினால் மிக உயரத்து வகை, மூன்று விரலுக்குள் அடங்கினால் நடு உயரம், அதைவிடப் பெரிதானால் தாழ்ந்த வகை. விமானம் விட்டுச்சென்ற வெண்கோடு உடனே மறைகிறதா, நீண்டு பரவுகிறதா என்பதையும் குறிக்கலாம். பரவினால் மேலடுக்குக் காற்றில் ஈரம் இருக்கிறது. நேரம் மாறக்கூடாது. நாகர்கோவில் பக்கம் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் சராசரியாக 12.20 வாக்கில், ஆகவே மதிய உணவு மணி அடித்தவுடன் என்று வைத்துக்கொள்வது வசதி. 1995இல் தொடங்கிய குளோப் என்னும் பன்னாட்டுப் பள்ளித் திட்டத்தில் 2000 முதல் இந்தியாவும் இருக்கிறது. அதன் செயலியில் பதிவிட்டால், செயற்கைக்கோள் மேலே கடந்த நேரத்தோடு பொருந்தும் பதிவுகளுக்கு, அது மேலிருந்து பார்த்ததையும் பிள்ளைகள் கீழிருந்து பார்த்ததையும் ஒப்பிட்டு அனுப்புவார்கள்.

கருவிகள் இரண்டும் இருக்கும் இடம் சரியில்லை. மனம் கோணாமல் மாற்றிவிடுங்கள். வகுப்பறைச் சுவரில் தொங்கும் வெப்பமானி சுவரின் வெப்பத்தைத்தான் காட்டும். நிழலும் காற்றோட்டமும் உள்ள வெள்ளை மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து பிள்ளைகளின் தோளுயரத்தில், கதவு வடக்கு நோக்கித் திறக்கும்படி வைக்க வேண்டும். தச்சர் ஒருவர் சன்னல் பலகைச் சட்டம்போல் அரை நாளில் செய்துகொடுப்பார். மழைமானியைக் கூரையோரத்திலிருந்து நகர்த்தி, சுற்றியுள்ள மரம், கட்டடம் இவற்றின் உயரத்தைப்போல் குறைந்தது இருமடங்கு தூரத்தில் திறந்த இடத்தில் நடுங்கள். தென்னந்தோப்பு நடுவில் இருக்கும் பள்ளிகளுக்கு இது எளிதில்லை என்று தெரியும். இடம் கிடைக்காவிட்டால் கிடைத்த இடத்தைப் படம் வரைந்து, எந்தத் திசையில் எவ்வளவு தூரத்தில் என்ன இருக்கிறது என்று குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். பத்தாண்டு கழித்துப் பார்ப்பவருக்கு அந்தப் படம் மிக முக்கியம். பக்கத்து வயல் வீட்டுமனையாகி, முற்றத்துக்குக் கான்கிரீட் போட்டால், வெப்பமானி உயர்வைக் காட்டும். அது உண்மையான உயர்வுதான், ஆனால் அதைக் கரியமிலவாயுவின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. நாஞ்சில் நாட்டில் வயல் சுருங்கி வரும் வேகத்தைப் பார்த்தால், இந்த எச்சரிக்கை இங்கே வேறெங்கையும்விடப் பொருந்தும்.

நீண்ட காலத் தகவலுக்குப் பள்ளியைத் தாண்டித்தான் போக வேண்டும், அதுவும் வெகுதூரமில்லை. மழைக்காலத்தில் நாளிதழ்களின் குமரிப் பதிப்பில் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, பாலமோர், சுருளக்கோடு, கன்னிமார், மயிலாடி, கொட்டாரம், கோழிப்போர்விளை என்று நீளும் பட்டியலோடு மில்லிமீட்டர் கணக்கு வருகிறதல்லவா? வருகிற நாட்களில் அதை வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். ஒரே நாளில் பாலமோருக்கும் மயிலாடிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் மாவட்டத்தின் மழை என்று ஓர் எண்ணைச் சொல்வது எவ்வளவு பொய் என்று புரியும். இந்திய வானிலைத் துறையின் புனே அலுவலகம் 1901 முதலான தினசரி மழைத் தகவலை நாடு முழுவதற்கும் கட்டம் கட்டமாக வெளியிட்டிருக்கிறது. ஒரு கட்டம் ஏறத்தாழ 27 கிலோமீட்டருக்கு 27 கிலோமீட்டர். நம் மாவட்டமே சில கட்டங்களுக்குள் அடங்கிவிடும், மலையும் மலையடிவாரமும் ஒன்றாகக் கலந்துவிடும்; ஆகவே நூறாண்டுப் போக்கைப் பார்க்க அது உதவும், தக்கலையை ஆரல்வாய்மொழியிலிருந்து பிரித்துப் பார்க்க உதவாது. 1956 வரை இந்தப் பகுதி முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது; ஆகவே இதன் பழைய வானிலைக் கதை திருவனந்தபுரத்தோடு சேர்ந்தது. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் தொடங்கிய திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்தின் இயக்குநர் பிரவுன், 1855இல் அகத்தியர் மலை உச்சியில் யானைக்காட்டைத் தாண்டி ஓர் ஆய்வுக்கூடம் கட்டி அளவுகள் எடுக்கவைத்தார். பள்ளி முற்றத்துக்குப் போக மழை தூறுகிறது என்று முனகும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம்.

தாத்தா பாட்டிகளிடம் பேட்டி எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எடுங்கள், ஆனால் சாட்சியமாக அல்ல. இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை முன்பெல்லாம் தேதி தவறாது என்று எல்லாரும் சொல்வார்கள். பதிவேட்டைப் பார்த்தால் பருவமழை தொடக்கம் எந்தக் காலத்திலும் ஜூன் 1க்கு முன்னும் பின்னும் நாள் கணக்கில் ஊசலாடித்தான் வந்திருக்கிறது. மனித நினைவு உச்சங்களை வைத்துக்கொண்டு சாதாரண நாட்களைத் தள்ளிவிடும். மாறாக, கன்னிப்பூ நெல் சாகுபடிக்கு எந்த நாளில் விதைத்தார்கள், எந்த நாளில் அணை திறந்தார்கள் என்பதுபோல் எழுத்தில் இருக்கும் விவரம் கிடைத்தால் பொன். மீனவர்களிடம் கேட்பது வேறு வகையில் பயன்படும். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றைத் திசையோடு பிரித்துப் பேசும் பழக்கம் அவர்களிடம் இருப்பதால், எந்தக் காற்றோடு எந்த மேகம் வரும் என்பதை அவர்களைப்போல் சொல்ல ஆளில்லை. 2017 நவம்பர் 30 அன்று குமரிமுனைக்குத் தெற்கே கடந்த ஒக்கிப் புயலைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். சூடேறும் அரபிக்கடலில் கடும் புயல்கள் கூடியிருப்பதற்குத் தரவு இருக்கிறது. ஆனால் தனியொரு புயலைக் காட்டி இது காலநிலை மாற்றத்தால் வந்தது என்று அட்டையில் எழுதாதீர்கள். அதேபோல், மத்திய இந்தியாவில் 1950க்கும் 2015க்கும் இடையே பரவலான அதிகன மழை நிகழ்வுகள் மும்மடங்கானதாக 2017இல் வெளிவந்த ஆய்வு ஒன்றை நாளிதழ்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுகின்றன. அது மத்திய இந்தியாவுக்கானது. அதைக் குமரிக்கு இழுத்துவர வேண்டாம்.

கண்காட்சி அட்டையில் பனிக்கரடி படம் வேண்டாம். ஒரு பக்கம் பிள்ளைகளின் சொந்தக் குறிப்பு: மேகமுள்ள இரவு, மேகமில்லா இரவு, கணவாயின் இருபுறமும். மறுபக்கம் நூறாண்டு மழைத் தரவு. நடுவில், "எங்கள் குறிப்பேட்டால் இதைச் சொல்ல முடியும், இதைச் சொல்ல முடியாது" என்று அவர்கள் கையெழுத்திலேயே ஒரு பத்தி. நடுவராக வருபவர் அந்தப் பத்தியைப் படித்துவிட்டு முகம் சுளித்தால், குறை அவரிடம்தான்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. சனி, ஞாயிறு மழைமானியை யார் பார்ப்பது? உங்கள் ஜூலைப் பக்கத்தில் எல்லா ஞாயிறும் சுழியாக இருக்கிறது. குமரியில் மழை ஞாயிறு விடுமுறை எடுத்துக்கொள்வதில்லை. பள்ளிக்கு அருகில் வீடுள்ள இரண்டு பிள்ளைகளை முறைவைத்து நியமித்து, காலை 8.30க்கு அளந்து, அதுவரையான 24 மணி நேர மழையை அன்றைய தேதியில் எழுதச் சொல்லுங்கள். யாரும் போக முடியாத நாள் வந்தால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். திங்கள் காலை 42 மில்லிமீட்டர் இருந்தால், சனி, ஞாயிறு, திங்கள் மூன்று கட்டங்களையும் ஓர் அடைப்புக்குறியால் இணைத்து, மூன்று நாள் கூட்டுத்தொகை என்று பக்கத்தில் எழுதுங்கள். ஏற்கெனவே எழுதிய ஞாயிற்றுக்கிழமைச் சுழிகளைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, அந்தந்தத் திங்களின் எண்ணிலும் இதே குறிப்பைச் சேர்த்துவிடுங்கள். அளந்து மழையில்லை என்று கண்ட சுழிக்கும் அளக்காமல் போட்ட சுழிக்கும் பின்னால் வருகிறவர்களால் வேறுபாடு காண முடியாது.